நெஞ்சில் நிற்கும் சோறும் கேஸ் மாத்திரையும்

மும்பையில் டாக்டர் சீட்டு இல்லாமல் கைமாறும் மருந்துகளில் கேஸ் மாத்திரைக்குத் தனி இடம் உண்டு. விக்ரோலி பார்க்சைட்டிலும் கன்னம்வார் நகரிலும் ‘பான்-டி ஒரு ஸ்ட்ரிப்’ என்று கை நீட்டினால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. வாங்குபவர்களில் பெரும்பாலானோருக்கு உண்மையிலேயே நெஞ்செரிச்சல்தான். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் சிலருக்குத் தொல்லை வேறு: சாப்பிட்டது இறங்குவதில்லை. எரிச்சலையும் அடைப்பையும் ஒன்றாகப் பாவித்து ஒரே மாத்திரையில் ஆண்டுகளை ஓட்டுவதால், ஒரு நோய் கண்டுபிடிக்கப்படாமலே முற்றிப்போகிறது.

அதன் பெயர் ஈஸ்னோபிலிக் உணவுக்குழாய் அழற்சி. தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையே உள்ள குழாயின் உட்சுவரில், ஒவ்வாமையோடு தொடர்புடைய ஈஸ்னோபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. நலமாக இருப்பவரின் உணவுக்குழாயில் இந்த அணுவுக்கு வேலையே இல்லை. அது குவியும்போது சுவர் வீங்குகிறது. வருடங்கள் போகப்போகத் தழும்பேறி, விறைத்து, வழி குறுகுகிறது.

இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதாகவும் இதுவரை அறியப்படவில்லை. தொற்றாது. ஆனால் தானாகப் போய்விடவும் செய்யாது.

ரத்தம் சொல்லாத செய்தி

ஈஸ்னோபீலியா என்ற பெயர் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. இழுப்பு, விடாத தும்மல், ராத்திரி இருமல் என்று போனால் ரத்தம் எடுப்பார்கள். ‘ஈஸ்னோபில் கூடியிருக்கு’ என்று சொல்லி டைஎத்தில் கார்பமசின் மாத்திரை எழுதுவார்கள். யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் ஈஸ்னோபீலியாவுக்கு அது நல்ல மருந்து.

ரத்தத்தில் ஈஸ்னோபில் பார்க்கும் அந்தப் பழக்கம்தான் இங்கே நம்மைக் குழப்புகிறது. வயிற்றில் பூச்சி இருந்தாலும், ஆஸ்துமா இருந்தாலும் ரத்தத்தில் ஈஸ்னோபில் ஏறும். உணவுக்குழாய் நோயிலோ சிலருக்கு ரத்த எண்ணிக்கை லேசாக ஏறும், பலருக்கு ஏறவே ஏறாது. ஆகவே ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு இந்த நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஈஸ்னோபில் அணுவுக்கு ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் பெயர் வைத்தது 1879இல். அது உணவுக்குழாயில் குவிவது தனி நோய் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளத் தொடங்கியதோ 1990களில்தான். 1993இல் ஸ்டீபன் அட்வுட் குழுவினர், விழுங்கச் சிரமப்பட்ட 12 பேரைப் பற்றி எழுதினார்கள். மறு ஆண்டு சுவிட்சர்லாந்தில் அலெக்ஸ் ஸ்ட்ராமன் இதே போன்ற நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதுவரை, உணவுக்குழாயில் ஈஸ்னோபில் தென்பட்டால் அமிலம் மேலேறியதன் விளைவு என்றே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று 55 வயதைத் தாண்டிய குடும்ப டாக்டர் எம்.பி.பி.எஸ். படித்த நாளில், பாடப்புத்தகத்தில் இந்த நோய் கிடையாது. அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி, நமக்கு ஏது என்ற எண்ணம் டாக்டர்களிடமும் உண்டு. 2017இல் வெளியான டெல்லி எய்ம்ஸ் ஆய்வு ஒன்று, எதுக்களிப்பு என்று வந்தவர்களின் உணவுக்குழாயில் திசு எடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இந்த நோய் இருந்ததாகச் சொல்கிறது. பெரிய எண்ணிக்கை அல்லதான். ஆனால் எதுக்களிப்புக்காரர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் அந்த மூன்று சின்னதாகத் தெரியாது.

மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள்

இந்த நோய்க்காரர்கள் பெரும்பாலும் தங்களை நோயாளி என்று நினைப்பதில்லை. ‘நான் கொஞ்சம் நிதானமா சாப்பிடுவேன்’ என்பார்கள்.

விக்ரோலி ஸ்டேஷன் வாசலில் வடா பாவ் வாங்கும் ஓர் இளைஞரைப் பலமுறை கவனித்திருக்கிறேன். பாவைப் பிரித்து, நடுவில் உள்ள மெத்தென்ற பகுதியைக் கிள்ளிப் போட்டுவிடுவார். வடாவை மட்டும் சின்னச் சின்னதாகப் பிட்டு, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குச் சாய் குடிப்பார். கூட வந்தவர்கள் இரண்டு முடித்துவிட்டுக் கையைத் துடைக்கும்போது இவர் பாதியில் இருப்பார். சிறு வயதில் இழுப்பு இருந்ததாம். மழைக்காலம் வந்தால் இன்றும் தும்மல் விடாதாம். சப்பாத்தி என்றால் பருப்பில் ஊறப்போட்டுத்தான் சாப்பிடுவாராம், கோழிக்குழம்பில் குழம்பு மட்டும்தானாம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் ‘வீட்லயே சாப்ட்டாச்சு’ என்று நழுவிவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு இந்த நோய்தானா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இந்த நோயை அறிந்த டாக்டர் இத்தனையும் காதில் வாங்கினால் சும்மா விடமாட்டார்.

ஏனெனில் நோயின் முகமே இதுதான். ஆண்களுக்குப் பெண்களைப் போல மூன்று மடங்கு வருகிறது. பதின்வயது முதல் நாற்பதுகள் வரை அதிகம். ஆஸ்துமா, மூக்கடைப்பு, கரப்பான், ஏதாவதோர் உணவு ஒவ்வாமை, இவற்றில் ஒன்றாவது பெரும்பாலானவர்களிடம் கூடவே இருக்கும். பாவ், இறைச்சி, கெட்டிச் சோறு போன்றவை நெஞ்சில் நிற்கும். தண்ணீர் பாட்டில் இல்லாமல் சாப்பிட உட்காரமாட்டார்கள்.

குழந்தைகளிடம் வேறு மாதிரி. அடிக்கடி வாந்தி, வயிற்றுவலி, கெட்டியானதை வாயில் வைத்தால் துப்புவது, எடை ஏறாமல் நிற்பது. சாப்பாட்டு டப்பா கொண்டுபோனபடியே திரும்பி வரும். அம்மா அடம் என்பாள், டீச்சர் செல்லம் என்பார். வாயைத் திறந்து சொல்லத் தெரியாத வயதில் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரமே தண்டனையாகிவிடும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘நெஞ்செரியுதா?’ என்பது மட்டுமல்ல. சாப்பிட எவ்வளவு நேரமாகிறது? தண்ணீர் குடிக்காமல் இறங்குமா? முன்பு சாப்பிட்டதில் எதையெல்லாம் இப்போது விட்டுவிட்டாய்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பல நேரம் திடுக்கிட வைக்கும்.

தாமதத்தின் விலையைச் சுவிட்சர்லாந்தில் 200 நோயாளிகளை வைத்துக் கணக்கிட்டார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், தொல்லை தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரிய ஆன காலம் சராசரியாக ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்குள் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்குக் குழாய் குறுகியிருந்தது. இருபது ஆண்டுக்கு மேல் விட்டவர்களில் அது சுமார் 71 சதவீதம். சுவிட்சர்லாந்திலேயே ஆறு ஆண்டு என்றால் நம் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நின்றே விட்டால்

ஒரு நாள் விக்கியது இறங்காமலே நின்றுவிடலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது: பேச முடிகிறதா, மூச்சு வருகிறதா? இரண்டும் இல்லையென்றால் அடைத்திருப்பது மூச்சுக்குழாய். உடனே முதுகில் தட்டியும் மேல்வயிற்றை அழுத்தியும் வெளியேற்ற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

பேச முடிகிறது, மூச்சும் வருகிறது, ஆனால் எச்சில்கூட இறங்கவில்லை என்றால் அடைத்திருப்பது உணவுக்குழாய். வாழைப்பழத்தையோ சோற்று உருண்டையையோ விழுங்கி உள்ளே தள்ளப் பார்ப்பது நம்மிடம் உள்ள பெரிய தவறு. விரலை விட்டு வாந்தி எடுக்க முயல்வதும் ஆபத்து, குழாயின் சுவர் கிழியக்கூடும். எண்டோஸ்கோப்பி வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது.

இப்படிச் சிக்கி வருபவர்களுக்கு மேற்கு நாடுகளில் முதன்மைக் காரணம் இந்த நோய்தான். நம் ஊரில் சிக்கியதை எடுத்துப் போட்டதும் எல்லாருக்கும் நிம்மதி. ஏன் சிக்கியது என்று திசு எடுத்துப் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுவது உண்டு. எடுத்துப் பார்க்க அதைவிட நல்ல தருணம் வராது.

குழாய் விட்டுப் பார்த்தால் போதாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். எண்டோஸ்கோப்பி செய்து ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதித் தந்தாலும், திசுத் துணுக்கு (பயாப்சி) எடுக்கவில்லையென்றால் இந்த நோய் இல்லை என்று ஆகாது.

முற்றிய நோயில் குழாயின் சுவரில் வளையங்கள் தெரியும், நீளவாட்டில் கோடுகள் ஓடும், வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். ஆனால் கணிசமானவர்களுக்குக் கேமராவில் ஒன்றும் தெரியாது. அணுக்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாகக் குவிவதால் ஓர் இடத்தில் கிள்ளினாலும் தப்பிவிடும். மேலும் கீழுமாகக் குறைந்தது ஆறு துணுக்குகள் எடுக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. நுண்ணோக்கியின் உயர் பெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேல் ஈஸ்னோபில் இருந்து, தொல்லைகளும் இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் நோய் உறுதி.

பயாப்சி என்றதும் ‘அப்போ கேன்சரா டாக்டர்?’ என்று முகம் வெளுத்துப் போகிறவர்கள் நம்மிடம் அதிகம். வேண்டாம் என்று கையெழுத்துப் போட மறுப்பவர்களும் உண்டு. கிள்ளி எடுப்பது எள்ளளவு துணுக்கு. எடுப்பது தெரியாது, வலிக்காது. இதை இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

இன்னொன்று: கேஸ் மாத்திரையை முழு அளவில் விழுங்கிக்கொண்டே போய்ப் படுத்தால், சிலருக்கு அணுக்கள் அடங்கி நோய் ஒளிந்துகொள்ளும். பரிசோதனைக்கு முன் மாத்திரையை நிறுத்த வேண்டுமா, எத்தனை வாரம் முன்னால் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

புகையிலை, குட்கா பழக்கம் உள்ளவர்கள், ஐம்பது கடந்தவர்கள், எடை இறங்குகிறவர்கள் விழுங்கச் சிரமம் என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. அவர்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது புற்றுநோய்.

மருந்தா, சாப்பாடா

வேடிக்கை என்னவென்றால், நாம் இவ்வளவு நேரம் குறைசொன்ன கேஸ் மாத்திரையே இந்த நோய்க்கு ஒரு மருந்து. ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை டாக்டர் சொல்லும் அளவில் இரண்டு மாதம்போல எடுத்தால், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அணுக்கள் அடங்குகின்றன. மாத்திரையோடு நமக்குச் சண்டையில்லை. என்ன நோய் என்று தெரியாமல் சாப்பிடுவதும், அடங்கியதா என்று திரும்பப் பார்க்காமல் விடுவதும்தான் தவறு. தொல்லை குறைந்தாலும் உள்ளே அழற்சி ஓடிக்கொண்டிருக்கலாம். மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, ஸ்டீராய்டு. பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். ஆஸ்துமாக்காரர்களின் அதே புளூட்டிகசோன் இன்ஹேலரை வாயில் அடித்து, மூச்சாக இழுக்காமல் விழுங்க வேண்டும். அல்லது நெபுலைசருக்கு வாங்கும் புடசோனைடு திரவத்தைத் தேன் போன்ற கெட்டியான ஒன்றில் குழைத்துக் குடிக்க வேண்டும், குழாயின் சுவரில் அது ஒட்டி இறங்குவதற்காக. அதன்பின் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது பலன் தருகிறது. சிலருக்கு வாயிலும் குழாயிலும் வெண்படலப் பூஞ்சை வரலாம், அதற்கும் மருந்து உண்டு. மருந்துக்கடைக்காரர் ‘இத இழுக்கணும் சார், முழுங்கக் கூடாது’ என்று திருத்தப் பார்ப்பார். அவர் சொல்வது ஆஸ்துமாவுக்குச் சரி. டாக்டர் எழுதியதைக் காட்டிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது வழி சாப்பாடு. 1995இல் அமெரிக்காவில் பத்துக் குழந்தைகளுக்குச் சாதாரண உணவை நிறுத்தி, புரதத்துக்குப் பதிலாக அமினோ அமிலங்கள் கொண்ட சத்துமாவு மட்டும் கொடுத்தபோது நோய் அடங்கியது. உணவே தூண்டுகிறது என்பது அப்போதுதான் உறுதியானது. பால், கோதுமை, முட்டை, சோயா, கடலை மற்றும் கொட்டைகள், மீன் வகைகள் ஆகிய ஆறையும் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் குழாய் விட்டுப் பார்ப்பது பழைய முறை. பணமும் பொறுமையும் உள்ளவர்களுக்கே அது ஆகும்.

2023இல் வெளியான ஓர் ஆய்வு வழியைச் சுருக்கியது. ஆறையும் நிறுத்திய பெரியவர்களில் 40 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. விக்ரோலியின் ‘சால்’ குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு எதிலிருந்து தொடங்குவது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பாலை நிறுத்துவது என்றால் சாயில் விடும் பாலை மட்டுமல்ல. தயிர், மோர், நெய், பன்னீர், பேடா, பிஸ்கட்டில் கலக்கும் பால்பொடி எல்லாம் சேர்த்தி. லாக்டோஸ் நீக்கிய பால் உதவாது, ஏனெனில் வம்பு செய்வது பாலின் புரதம். ஆட்டுப்பாலும் மாற்றாகாது.

இந்த விஷயத்தில் தமிழ்ச் சமையலறைக்கு ஓர் அனுகூலம் உண்டு. இட்லி, தோசை, அரிசிச் சோறு, கேழ்வரகுக் களி, நெய் விடாத சாம்பார், ரசம், தேங்காய்ப்பால் சொதி, எல்லாமே பாலும் கோதுமையும் இல்லாதவை. ஐரோப்பியர் தவித்துப்போகும் இடத்தில் நாம் பாதி வழி போயாகிவிட்டது. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது: கடையில் வாங்கும் கூட்டுப்பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையை விடச் சொன்னவர் ரசத்தில் அதைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், அல்லது அரிசி மாவு சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

வளரும் குழந்தைகளுக்கு உணவியலாளர் துணையில்லாமல் எதையும் நிறுத்தக் கூடாது. ‘இருநூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை’ என்று விளம்பரம் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனைகளுக்குப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். எந்த உணவு இந்த நோயைத் தூண்டுகிறது என்பதை ரத்தமோ தோல் பரிசோதனையோ நம்பும்படி காட்டுவதில்லை.

குழாய் குறுகிப்போனவர்களுக்கு எண்டோஸ்கோப்பி வழியாகவே விரித்துவிடுவார்கள். டூபிலுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2022இல் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. நம்மில் பெரும்பாலோருக்கு அதன் விலை எட்டாது என்பதால் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

எங்கே போவது, யார் என்ன செய்வது

கன்னம்வார் நகர் மகாத்மா ஜோதிபா புலே மாநகராட்சி மருத்துவமனைக் கட்டடம் பழுதாகி மூடப்பட்டு, மறுகட்டுமானம் ஆண்டுக்கணக்கில் இழுத்ததில், விக்ரோலிக்காரர்கள் காட்கோபர் ராஜாவாடி மருத்துவமனைக்கோ சயான் மருத்துவமனைக்கோ போய்ப் பழகிவிட்டார்கள். கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு முலுண்ட் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. மாநில அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மாதா மாதம் வாங்கும் மருந்து நம் கையிலிருந்துதான்.

2022 முதல் மாநகராட்சி திறந்துவரும் ஆப்லா தவாக்கானா கிளினிக்குகள் பேட்டைக்குப் பேட்டை வந்துவிட்டன. கேஸ் என்று வருகிறவரிடம் ‘சாப்பாடு அடைக்கிறதா?’ என்ற ஒரு கேள்வியை அங்கே கட்டாயமாக்கலாம். ஆம் என்றால் மாத்திரையோடு நிறுத்தாமல் எண்டோஸ்கோப்பிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். மாநகராட்சியின் பெரிய மருத்துவமனைகள், விழுங்கச் சிரமம் என்று வரும் ஒவ்வொருவருக்கும் உணவுக்குழாய் பயாப்சியை வழக்கமாக்கி, ‘ஈஸ்னோபில் எண்ணவும்’ என்று திசு ஆய்வுச் சீட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எண்ணமாட்டார்கள். புதிதாக மருந்து வாங்கத் தேவையில்லை. ஆஸ்துமாவுக்காக வாங்கும் புடசோனைடையே இவர்களுக்கும் கொடுக்க அனுமதித்தால் போதும்.

பொட்டலத்தில் பால், கோதுமை, சோயா போன்றவை இருந்தால் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்களுக்கும் அந்தக் கடமை உண்டு. மாட்டுங்கா மெஸ்களும் செம்பூர் டிபன் கடைகளும் அதில் வராது. ஆனாலும் எதில் பால், எதில் மைதா என்று பலகையில் எழுதுவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாராவியிலும் விக்ரோலியிலும் இலவச முகாம் நடத்தும் தமிழ் அமைப்புகள், சர்க்கரை, பிரஷர் பார்க்கும் மேஜைக்குப் பக்கத்தில் சாப்பிடும் நேரம், தண்ணீர், விட்டுவிட்ட உணவு பற்றி மேலே சொன்ன மூன்று கேள்விகளை ஒரு தாளில் வைக்கலாம். பள்ளிக்கூட ஆயாக்களுக்கும் அந்தத் தாள் போக வேண்டும்.

இந்திய டாக்டர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்த உணவு தூண்டுகிறது என்ற கணக்கெல்லாம் ரொட்டியும் சீஸும் சாப்பிடும் நாடுகளுடையது. துவரையும் உளுந்தும் கடலை மாவும் தினம் சாப்பிடும் நமக்கு எது காரணம் என்று இங்கேயே ஒரு பதிவேடு தொடங்கிப் பார்க்க வேண்டும்.

நோயாளிக்கு ஒரு யோசனை. ஓ.பி.டி.யில் உங்கள் முறை வரும்போது ஹிந்தியில் சட்டென்று வாயில் வரும் ‘கேஸ்’, ‘ஆசிடிட்டி’ என்ற சொற்களைச் சொல்லாதீர்கள். சொன்னால் மாத்திரைதான் வரும். ‘கானா அடக்தா ஹை, பானி கே பினா நீச்சே நஹீ ஜாதா’ (சாப்பாடு அடைக்கிறது, தண்ணீர் இல்லாமல் கீழே இறங்குவதில்லை) என்று சொல்லுங்கள். எத்தனை மாதமாக, எந்தெந்தச் சாப்பாட்டுக்கு, சிறு வயதில் இழுப்பு இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறிக்கும்போதே பயாப்சியும் எடுப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள்.